நண்பருக்கு உங்களைத் தெரியும், உங்கள் வீட்டைத் தெரியாது

கேள்வி இதுதான்: "கல்லூரித் தோழி, அவர் கணவர், நான்கு வயது மகன் ஆகிய மூவரும் அடுத்த மாதம் மூன்று இரவுகள் எங்கள் வீட்டில் தங்கப் போகிறார்கள். எங்களுக்கு இரண்டு படுக்கையறைகள். எங்கள் அறையை ஒட்டி ஒரு குளியலறை உண்டு. பொதுவில் உள்ள இன்னொன்றை நாங்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. இதுவரை யாரும் இங்கே இரவு தங்கியதில்லை. நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். என்னென்ன தயார் செய்ய வேண்டும்? எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?"

இருபத்தைந்து ஆண்டுகளாக ஆள் வந்துபோகும் வீட்டில் இருக்கிறேன். மாதம் ஒருவராவது தங்காமல் போவதில்லை. செய்யாத தவறு இல்லை என்பதுதான் இந்தப் பதிலை எழுத எனக்குள்ள தகுதி.

முதலில் ஒரு சம்பவம். நெருங்கிய நண்பர் ஒருவர் இரவு தங்கியிருந்தார். இருபது ஆண்டுப் பழக்கம். என் பணப்பையைத் திறந்து உரிமையோடு பணம் எடுத்துக்கொண்டு "எடுத்திருக்கிறேன்" என்று பிறகு சொல்கிற அளவுக்கு நெருக்கம். நள்ளிரவில் அவருக்குத் தாகம் எடுத்திருக்கிறது. எழுந்து சமையலறைக்கு வந்தவர், வாசலில் இருந்த சுவிட்சைத் தட்டியிருக்கிறார். விளக்கு எரியவில்லை, புகைபோக்கி விசிறி உறுமத் தொடங்கியிருக்கிறது. பதறிப்போய் அதை அணைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால் தொட்டியின் மேல் இரண்டு குழாய்கள். குடிக்கும் தண்ணீர் எதில் வரும் என்று தெரியவில்லை. குவளை எந்த அலமாரியில் இருக்கிறது என்றும் தெரியவில்லை. அலமாரிக் கதவைத் திறந்தால் கிறீச்சிடும் என்று பயம். கடைசியில் குளியலறைக்குப் போய்க் கைகளைக் குவித்து அங்கிருந்த குழாயில் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பணப்பையைத் திறக்கக் கூசாத மனிதர், ஒரு குவளைத் தண்ணீருக்காக என் அறைக் கதவைத் தட்டக் கூசியிருக்கிறார்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். புதிதாக வந்தவரே விருந்து. உங்கள் தோழி உங்களுக்குப் புதியவர் அல்லர். ஆனால் உங்கள் வீட்டுக்கு அவர் முழுக்கப் புதியவர். எந்தச் சுவிட்ச் எதற்கு, எந்தக் கதவு இழுத்தால் திறக்கும், எந்தப் படியில் கால் இடறும் என்பதெல்லாம் உங்கள் கைகால்களுக்குத் தெரியும். நீங்கள் யோசிப்பதே இல்லை. அதனால்தான் அவற்றைச் சொல்லவும் தோன்றுவதில்லை. அவரோ கேட்கமாட்டார். தயாரிப்பு என்று நான் சொல்வது முழுக்க இதைச் சுற்றித்தான்: விருந்தினர் வாய்விட்டுக் கேட்க வேண்டிய விஷயங்களை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது. திரைச்சீலை புதிதா பழசா என்பதை வந்தவர்கள் கவனிக்கவே மாட்டார்கள்.

வருவதற்கு முன் பேச வேண்டியவை சில உண்டு. முதலாவது, எப்போது கிளம்புகிறார்கள் என்பது. வரும் நேரத்தை எல்லோரும் கேட்கிறோம், கிளம்பும் நேரத்தைக் கேட்க எல்லோருக்கும் நாக்கு எழுவதில்லை. கேட்டால் விரட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்ற தயக்கம். எனக்கும் இருந்தது. அதன் விளைவாக, "இரண்டு மூன்று நாள்" என்று வந்த ஒரு நண்பர் ஒன்பது நாள் தங்கினார். ஐந்தாம் நாளிலிருந்து நாங்கள் கணவனும் மனைவியும் எங்கள் வீட்டிலேயே கிசுகிசுத்துப் பேசிக்கொண்டோம். குற்றம் அவருடையதல்ல, அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. "திரும்பிப் போக டிக்கெட் எடுத்தாயிற்றா, எத்தனை மணிக்கு?" என்று இயல்பாகக் கேட்டுவிடுங்கள். அதோடு உங்கள் கணக்கையும் சொல்லிவிடுங்கள்: "திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் இருவரும் கிளம்பிவிடுவோம், மாலை ஆறு மணிக்குத்தான் வருவோம்." தேதி தெரிந்திருந்தால் விருந்தினருக்கும் நிம்மதி. கிளம்பலாமா, இருக்கச் சொல்கிறார்களா என்று உங்கள் முகத்தைப் படித்துக்கொண்டிருக்கும் வேலை அவருக்கு மிச்சம்.

இதைவிட முன்னதாகப் பேச வேண்டியது உங்கள் கணவரிடம். தோழி உங்களுடையவர். மூன்று மாலைகள் உங்கள் கணவர் தன் வீட்டில் தளர்ந்து உட்கார முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யார் காலையில் முதலில் எழுந்து சமையலறைக்குப் போவது, குளியல் முறை எப்படி, ஒருநாள் மாலை அவர் தனியாக வெளியே போய்வர நினைத்தால் அது தவறாகத் தெரியாதா என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசிவிட்டால், விருந்தினர் முன் கண்ணால் சண்டை போடும் நிலை வராது. அந்தக் கண் சண்டையை விருந்தினர் முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

தோழியிடம் கேட்க வேண்டிய மற்றவை ஒரே தகவலில் அடங்கும். யாருக்காவது உணவு ஒவ்வாமை உண்டா, குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து இருக்கிறதா, மகன் அம்மாவோடு படுப்பானா தனியாகவா, இருட்டில் பயப்படுவானா, யாருக்காவது மாடி ஏற முழங்கால் வலியா. வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பூனை ஒவ்வாமை உள்ளவர் வரும் நாளில் பூனையை ஓர் அறையில் அடைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பூனையின் உமிழ்நீரிலும் தோலிலும் உள்ள நுண்ணிய புரதம் சோபாவிலும் கம்பளத்திலும் ஒட்டியிருக்கும். பூனை வீட்டைவிட்டுப் போன பிறகுகூட அது பல வாரங்கள் தங்கும். அப்படிப்பட்டவருக்கு வேறிடம் பார்த்துக் கொடுப்பதுதான் உபசாரம்.

இனி அறை. இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: விருந்தினர் வருவதற்கு ஒரு வாரம் முன் அந்த அறையில் நீங்களே ஓர் இரவு படுத்துப் பாருங்கள். உங்கள் அறையிலிருந்து எதையும் எடுத்துப் போகாதீர்கள். கைபேசி, கண்ணாடி, மாற்றுடை ஆகியவற்றை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, வெளியூரிலிருந்து வந்தவர்போல் நுழையுங்கள்.

பதினைந்து ஆண்டுகள் ஆட்களைத் தங்கவைத்த பிறகுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. எங்கள் அறையில் தண்ணீர் கசிந்ததால் வேறு வழியின்றி அங்கே படுத்தேன். விளக்கை அணைத்ததும் தெரிந்த முதல் விஷயம், அந்த அறையில் இருட்டே இல்லை. அலமாரியின் மேல் வைத்திருந்த இணைய மோடத்தின் நீல விளக்கு என் முகத்துக்கு நேராகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. திரைச்சீலைகள் நடுவில் நான்கு விரல் அளவுக்கு ஒட்டவில்லை. தெருவிளக்கின் வெளிச்சம் ஒரு கோடாகத் தலையணையில் விழுந்தது. சுவர்க்கடிகாரம் பகலில் ஒரு சத்தமும் போடாது, இரவில் சுத்தியல் அடித்தது. கண்ணாடியைக் கழற்றி வைக்க இடமில்லை. தரையில் வைத்தேன், காலையில் மிதிக்கப் பார்த்தேன். கைபேசிக்கு மின்னூட்டலாம் என்றால் ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதுவும் கட்டிலுக்குப் பின்னால். விளக்குச் சுவிட்ச் கதவருகே; அணைத்துவிட்டு இருட்டில் தடவிக்கொண்டே கட்டிலுக்கு வர வேண்டும். கதவுக்குப் பின்னால் கொக்கி இல்லை, அலமாரி முழுக்க எங்கள் பழைய போர்வைகள், பெட்டியை விரித்து வைக்க இடமில்லை. என் வீட்டில் இந்த அறையில் படுத்துவிட்டு "அருமையான தூக்கம்" என்று சொன்ன ஒவ்வொரு நண்பரின் முகமும் நினைவுக்கு வந்தது. எத்தனை நல்லவர்கள்!

மறுநாளே சரிசெய்தேன். கட்டிலருகே ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு சிறு விளக்கு, நீளமான நீட்டிப்பு மின்கம்பி ஒன்று, கதவில் நான்கு கொக்கிகள், அலமாரியில் ஒரு தட்டு முழுக்கக் காலி, அதில் ஐந்தாறு ஹாங்கர்கள். மோடத்தின் விளக்குமேல் ஒரு கறுப்பு நாடா. திரைச்சீலையின் நடுவே இரண்டு துணி கிளிப்புகள். கடிகாரம் கூடத்துக்குப் போய்விட்டது. ஒரு மாலை நேர வேலை.

இவ்வளவு செய்தும் முதல் இரவு அவர்கள் சரியாகத் தூங்கமாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தூக்க ஆய்வாளர்கள் இதற்கு 1966ஆம் ஆண்டிலேயே 'முதல் இரவு விளைவு' என்று பெயரிட்டுவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் முதல் இரவு தூங்குபவர்களின் அளவீடுகள் ஒழுங்காக வருவதில்லை என்பதைக் கவனித்ததால் வந்த பெயர். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கான காரணத்தை ஓரளவு காட்டியது. புது இடத்தில் முதல் இரவு, மூளையின் இடது பாதி வலது பாதியைவிட மேலோட்டமாகவே தூங்குகிறது. பழக்கமில்லாத ஓசை கேட்டால் சட்டென விழிக்கிறது. காவல்காரன் ஒருவனை விழிக்க வைத்துவிட்டு மற்றவர்கள் படுப்பதுபோல. மீண்டும் அதே இடத்தில் படுத்தபோது இந்த வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே முதல் நாள் காலை ஆறு மணிக்கு எழுப்பி எங்கும் அழைத்துப் போகத் திட்டமிடாதீர்கள். "நன்றாகத் தூங்கினீர்களா?" என்று கேட்கவும் வேண்டாம்; அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் அனுமதி, அதைத்தான் சொல்வார்கள். "தலையணை உயரமாக இருந்ததா? வேறொன்று இருக்கிறது" என்று குறிப்பாகக் கேட்டால் உண்மை வரும். வெகுதூரத்திலிருந்து பல நேர மண்டலங்களைக் கடந்து வருபவர்களுக்கு, ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வீதம் உடல் பழகத் தேவைப்படும். அவர்கள் அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு பசியோடு படுத்திருப்பார்கள். அறையிலேயே தண்ணீரும், சத்தமில்லாமல் பிரித்துச் சாப்பிட ஏதாவதும் வையுங்கள்.

படுக்கை விஷயத்தில், உங்கள் அறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுக்கும் தியாகம் வேண்டாம். விருந்தினருக்கு அது பாரம். உங்கள் முதுகுவலியைப் பார்த்துக்கொண்டே மூன்று நாள் இருக்க வேண்டும். இரண்டாவது படுக்கையறையில் கட்டில் பெற்றோருக்கு, பக்கத்தில் தரையில் மெத்தை பையனுக்கு. நான்கு வயதுப் பிள்ளை தரையில் படுப்பதுதான் நல்லது. புது இடத்தில் உருண்டாலும் விழ உயரமில்லை. மெத்தைமேல் நீர்புகாத உறை ஒன்றைப் போட்டு அதன்மேல் விரிப்பை விரித்துவிடுங்கள். எதற்கு என்று விளக்க வேண்டாம். இன்னொரு விரிப்பை மடித்து அலமாரியில் வைத்து, "கூடுதல் விரிப்பு இங்கே இருக்கிறது" என்று சொன்னால் தாய்க்குப் புரியும். வெளியூரில் பிள்ளை படுக்கையை நனைத்துவிட்டால் பெற்றோர் படும் கூச்சம் கொஞ்சநஞ்சமல்ல.

கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு இது மாறும். குழந்தைக்கெனச் சமதளமான, கெட்டியான தனிப் படுக்கை வேண்டும். தலையணை, மெத்துமெத்தென்ற போர்வை, பொம்மை எதுவும் அதில் கூடாது. மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும். சோபாவில் குழந்தையோடு பெரியவர் தூங்கிவிடுவது மிக ஆபத்தானது. "இந்தச் சோபாவே அகலம்தானே" என்று விருந்தோம்பலாகச் சொல்லிவிடாதீர்கள்.

காற்று மெத்தை வாங்கும் யோசனை இருந்தால், இரண்டு விஷயங்கள். முதல் தடவை ஊதியதும் அதன் நெகிழி கொஞ்சம் விரிந்து கொடுக்கும். இரவு குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்றும் சுருங்கும். அதனால்தான் விடியும்போது பள்ளத்தில் கிடப்பதுபோல் ஆகிறது. மெத்தையில் ஓட்டை என்று பலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். முந்தைய நாளே ஊதி வைத்துவிட்டு, படுக்கும் முன் மீண்டும் நிரப்புங்கள். அடுத்தது, உள்ளே காற்று நகர்ந்துகொண்டே இருப்பதால் உடல் சூடு கீழே போய்விடும். குளிர் நாட்களில் மேலே இரண்டு போர்வை கொடுப்பதைவிடக் கீழே ஒரு தடித்த போர்வையை விரிப்பது பலன் தரும்.

விரிப்புகளைத் துவைக்கும்போது துணிக்கு ஏற்றதென்றால் 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவையுங்கள். தூசிப் பூச்சிகள் அந்தச் சூட்டில்தான் சாகும். மாதக்கணக்கில் மடித்து வைத்த விரிப்பை அப்படியே எடுத்துப் போட்டால், இரவு முழுக்கத் தும்மல் கேட்கும்.

அதிகம் பயன்படுத்தாத குளியலறை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடனே மணி அடித்தது அங்கேதான். தரையில் நீர் போகும் வாய்க்கும் கைகழுவும் தொட்டிக்கும் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாடை மேலே வராமல் தடுக்கும் மூடி அந்தத் தண்ணீர்தான். வாரக்கணக்கில் யாரும் நீர் ஊற்றாவிட்டால் அது வற்றிவிடும். அப்புறம் எத்தனை வாசனைத் திரவம் தெளித்தாலும் வாடை போகாது. ஒவ்வொரு வாயிலும் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள், அவ்வளவுதான் வைத்தியம். நெடுநாள் மூடியிருந்த ஷவரில் தேங்கிய நீரில் கிருமிகள் பெருகக்கூடும். அதைத் திறந்துவிட்டு, சாரல் மேலே படாமல் விலகி நின்று, சில நிமிடங்கள் ஓடவிடுங்கள்.

வெந்நீருக்கு ஒரு கணக்கு. 25 லிட்டர் தொட்டியும் 2,000 வாட் திறனும் உள்ள ஹீட்டர், அந்த நீரை 35 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ அரை மணி நேரம் எடுக்கும். ஷவரில் நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டர் போகும். குளிர்ந்த நீரைக் கலந்து குளித்தாலும் நீண்ட குளியல் ஒன்று தொட்டியைக் காலி செய்துவிடும். மூன்று பேர் குளிக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்று வைத்துக்கொண்டு காலைத் திட்டத்தைப் போடுங்கள். இதை அவர்களிடமும் சொல்லுங்கள். "ஒருவர் குளித்து அரை மணி கழித்து அடுத்தவர்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். சோப்புத் தலையோடு குளிர்ந்த நீரில் நிற்கும்போதுதான் கோபம் வரும். உங்கள் வீட்டில் வெந்நீர்க் குழாய் இடமா வலமா, திருகினால் எந்தப் பக்கம் சூடு என்பதைக் காட்டிவிடுங்கள்.

கழிப்பறையின் ஃப்ளஷ் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும் என்றால், அதுவும் சொல்லப்பட வேண்டும். யாரும் கேட்கவே முடியாத கேள்வி அது. மூடியுள்ள குப்பைத்தொட்டி ஒன்று, கண்ணில் படும் இடத்தில் கூடுதல் காகிதச் சுருள், சானிட்டரி நாப்கின், கழுவும் பிரஷ் ஆகியவற்றை வைத்துவிட்டால், சொல்லாமலே பல விஷயங்கள் தீரும். தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா என்று பாருங்கள். நான்கு வயதுப் பையன் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க வழியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அவன் கைக்கு எட்டாத உயரத்துக்குத் தாழ்ப்பாளை மாற்றுங்கள். மாத்திரைகள், துப்புரவுத் திரவங்கள், கத்திகள் எல்லாம் உயரே போகட்டும். பிள்ளையில்லாத வீட்டில் எது ஆபத்து என்பது பழகிய கண்ணுக்குப் படாது. முழங்காலிட்டு அவன் உயரத்தில் ஒரு சுற்று வந்தால் படும்.

அவர்கள் வந்த அன்று, பெட்டியை வைத்து முகம் கழுவியதும் ஐந்து நிமிடம் வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். அழகைக் காட்டும் சுற்று அல்ல. குடிநீர் இதில், குவளை இங்கே, காலையில் காபியோ தேநீரோ போட வேண்டியதெல்லாம் இந்தத் தட்டில், அடுப்பு இப்படிப் பற்றும், இரவில் நடைவிளக்கு இது, வாசற்கதவு உள்ளிருந்து பூட்டினால் சாவி இந்த ஆணியில். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். அவசரத்தில் வெளியேற வேண்டியிருந்தால் விருந்தினருக்குச் சாவி இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். இணையக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அறையில் ஒட்டிவிடுங்கள். மோடத்தில் விருந்தினருக்கென்று தனி இணைப்பு வைக்கும் வசதி இருந்தால் அதையே கொடுக்கலாம்.

"உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்" என்ற வாக்கியத்தை நான் சொல்வதை விட்டுவிட்டேன். கேட்க இனிமை, பயன் பூஜ்யம். தன் வீடாக இருந்தால் அவர் குவளை தேட மாட்டாரே! "இந்தத் தட்டில் இருப்பதெல்லாம் உங்களுக்கு, எப்போது வேண்டுமானாலும் எடுங்கள்" என்றால் எடுப்பார்கள். அதுபோலவே தடையும் தெளிவாக இருக்கட்டும். "அந்த அறையில் என் அலுவலக வேலை இருக்கிறது, பையன் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்" என்று முதல் நாளே சொன்னால் தகவல். மூன்றாம் நாள், அவன் உள்ளே போன பிறகு சொன்னால் அதுவே குற்றச்சாட்டு.

இரவில் முதலில் எழுந்து படுக்கப் போக வேண்டியவர் நீங்கள். எத்தனையோ இரவுகளில், நான் விருந்தினருக்காகவும் அவர் எனக்காகவும் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். விருந்தினர் தானாக எழமாட்டார். பேச்சு சலித்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்களோ என்று பயப்படுவார். பதினொரு மணிக்கு "எனக்குக் கண் சொக்குகிறது, நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருங்கள்" என்று எழுந்துவிடுங்கள். அரை நிமிடத்தில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். காலையில் நேர்மாறு. நீங்கள் எழுந்தது தெரியாமல் அவர்கள் விழித்தபடியே அறைக்குள் அடைந்து கிடப்பார்கள். சமையலறையில் கொஞ்சம் பாத்திரச் சத்தம் கேட்கட்டும். வெளியே வரலாம் என்பதற்கு அதுதான் அறிகுறி.

மூன்று நாளும் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. முடிந்தால் ஒரு நாள் எடுங்கள், மற்ற நாட்களில் ஒரு மாற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போங்கள். நீங்கள் இல்லாத வீட்டில்தான் விருந்தினர் உண்மையில் காலை நீட்டி உட்காருவார். நான் பார்த்த வரையில், நாள் முழுக்கக் கூடவே இருந்து கவனித்துக்கொண்ட வீடுகளைவிட, பகலில் நாலு மணி நேரம் தனியாக விட்ட வீடுகளுக்குத்தான் நண்பர்கள் திரும்பி வருகிறார்கள்.

தோழி உதவ வந்தால் "ஐயோ, நீ உட்கார்" என்று தடுக்காதீர்கள். ஒருமுறை மறுக்கலாம், அது மரியாதை. இரண்டாம் முறை ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். கையில் வேலையில்லாமல் அடுத்தவர் சமையலறை வாசலில் நிற்பதைப்போல் சங்கடம் வேறில்லை. சின்ன, முடிவு தெரிகிற வேலையாக இருக்கட்டும். மேசையைத் துடைப்பது, உலர்ந்த துணிகளை மடிப்பது. பாத்திரத்தை எங்கே அடுக்குவது என்று ஐம்பது முறை கேட்க வைக்கும் வேலை வேண்டாம்.

எதைச் சொல்லக்கூடாது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டைப் பற்றி மன்னிப்புக் கேட்காதீர்கள். "இடம் சிறிது, வசதி குறைவு, எல்லாம் குப்பையாக இருக்கிறது" என்று நீங்கள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு முறையும் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று அவர் ஆறுதல் சொல்ல வேண்டும். வந்தவருக்கு வேலை வைக்கிறீர்கள். எவ்வளவு பாடுபட்டுத் தயார் செய்தீர்கள் என்பதையும் சொல்லாதீர்கள், இந்தப் பதிலில் உள்ளதைச் செய்ததாகக்கூட. பையன் எதையாவது உடைத்தால் விலையையோ அது யார் கொடுத்தது என்பதையோ சொல்லாதீர்கள். உடையக்கூடாத பொருள் என்றால் வருவதற்கு முன்பே பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். அவனைக் கண்டிப்பதைப் பெற்றோரிடமே விட்டுவிடுங்கள். அடுப்பு, படிக்கட்டு, சன்னல் இந்த மூன்றின் அருகில் மட்டும் நீங்களே நேரே தடுக்கலாம்.

செலவு விஷயத்தில் எனக்கு ஓர் எளிய வரையறை உண்டு. வீட்டுக்குள் நடப்பது வீட்டுக்காரர் செலவு. வெளியே போனால், ஒருவேளை அவர்கள் கொடுக்க நினைத்தால் விட்டுவிடுவது. பில்லைப் பிடுங்கிச் சண்டை போடும் காட்சி இரு தரப்புக்கும் அலுப்பு.

இரண்டாம் நாள் இரவு, "இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமா என்று பார்க்கிறோம்" என்று அவர்கள் சொன்னால்? முகம் மலர்ந்து, "கணவரிடம் பேசிவிட்டுக் காலையில் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். காலையில் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுங்கள். முடியும் என்றால் மனதார. முடியாது என்றால், "வியாழன் வரை முடியும், வெள்ளி எங்களுக்கு வேலை இருக்கிறது" என்று தேதியோடு. ஒன்பது நாள் கதையில் நான் செய்தது, "அதற்கென்ன, இருங்களேன்" என்று வாயால் சொல்லிவிட்டு முகத்தால் மறுத்தது. அந்த நண்பர் அதன் பிறகு எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் விடுதியில்தான் தங்குகிறார். இப்போதும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். தங்க மட்டும் வருவதில்லை.

கிளம்பும் நாள் காலை, படுக்கை விரிப்பைக் கழற்றி மடிக்கலாமா என்று கேட்பார்கள். "அப்படியே விட்டுவிடுங்கள்" என்று சொல்லி, அந்த நேரத்தில் அறையை ஒருமுறை சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மறந்துபோகும் பொருட்கள் எப்போதும் நாலைந்து இடங்களில்தான் இருக்கும்: பிளக் பாயின்டில் சார்ஜர், கதவுக் கொக்கியில் துண்டு, குளியலறை அலமாரியில் கண்ணாடியோ மோதிரமோ, குளிர்பதனப் பெட்டியில் மருந்து. பையன் இருப்பதால் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். சார்ஜர் விட்டுப்போனால் அடுத்த வாரம் அனுப்பிக்கொள்ளலாம். பொம்மை விட்டுப்போயிருந்தால் அவர்கள் ஊர் போய்ச் சேரும் முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு, "இங்கேதான் பத்திரமாக இருக்கிறது, இப்போது தூங்குகிறது" என்று பையனிடமே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அன்று இரவு அந்த வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள்.